பலகையின் வலது பாதியில் வந்த வெள்ளம்

ஷீபா, ஜினு, போன ஓண லீவுக்கு வந்திருந்தபோது சோறு தின்றுகொண்டே நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "இருபத்திரண்டு வருசம் அந்தக் காலனியில அப்பா என்னதான் வேலை செஞ்சிய?" நான் "எழுத்து வேலை" என்றேன். ஜினு சிரித்தான். உங்கள் அம்மா அதைவிடக் கூடுதலாகச் சிரித்தாள். எட்டாம் வகுப்போடு மிஷன் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன் எழுத்து வேலை என்றால் சிரிப்புத்தான் வரும். நான் கோபப்படவில்லை. அன்றைக்கு மீன் குழம்பு நன்றாக இருந்தது.

நான் வேலையை விட்டு வந்த பிறகு, சங்கத்தின் இப்போதைய செக்ரட்டரி வினோத் சாரும், "தாசண்ணே, பழைய காரியங்கள கொஞ்சம் எழுதித் தாருங்கோ, ஆண்டு மலர்ல போடலாம்" என்கிறார். அவருக்கு எழுதினால் நல்லதை மட்டும் எழுத வேண்டும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தக் காலனி உங்களுக்குத் தெரியும். குளத்தூர் பஞ்சாயத்தில், கடலுக்கும் காயலுக்கும் நடுவில் மணல்மேல் கிடக்கிற அறுபது வீடு. ரிட்டயர் ஆனவர்களும் வெளிநாட்டுக்காரர்களும் கட்டினது. அதற்கு ஒரு குடியிருப்போர் சங்கம், சங்கத்துக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு ஆள். அது நான். வால்வு திறப்பது, தேங்காய் போட ஆள் கூப்பிடுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் போன் செய்வது, எல்லாம் உண்டு. ஆனால் என் முக்கிய வேலை அறிவிப்புப் பலகை. நாலு ரோடும் சேருகிற முக்கில், ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு நேர் எதிரே, கூரை போட்ட ஒரு கரும்பலகை. யார் வீட்டில் கல்யாணம், யார் நாய் காணாமல் போனது, கடல் கொந்தளிப்பாக இருக்கிறதா, மீன் கழிவை எங்கே போடக்கூடாது, எல்லாம் அதில்தான் வரும். காலையில் நடக்கப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று வாசித்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

முதல் இரண்டு வருடம் மலையாளம் எழுதப் பழகினேன். பஸ் போர்டைப் பார்த்துப் படித்த மலையாளம் பலகைக்குப் போதாது. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு வேலை படிப்பித்தவர் அன்றைய செக்ரட்டரி சுகுமாரன் சார். ரிஜிஸ்டர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பச்சைப் பேனா. அவருக்குச் சிரிப்பு வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

அவருடைய முறை இது. நான் முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அவர் அதை மூன்று முறை பார்ப்பார். முதல் முறை வாய்க்குள். இரண்டாம் முறை உரக்க. மூன்றாம் முறை கடைசி வரியில் இருந்து மேலே. பிறகு பச்சை மையில் ஒப்புப் போடுவார். ஒப்பு விழாத ஒரு புள்ளியைக்கூட நான் பலகையில் வைக்கக் கூடாது. "தயவு செய்து" என்று எழுதினால் வெட்டிவிடுவார். "சங்கம் கெஞ்சாது தாசா." ஒரு மரணச் செய்திக்கு "வருத்தத்துடன்" என்று எழுதினேன். அதையும் வெட்டினார். "வருத்தம் ஆளுகளுக்கு உண்டு. சங்கத்துக்கு எங்க இருக்கு?" ஆனால் எந்த நோட்டீசானாலும் அதன் கடைசியில் அவரே ஒரு வரி சேர்ப்பார்: "இதனால் ஏற்படும் சிரமங்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல." கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்ற நோட்டீசிலும் அந்த வரி இருந்தது.

பலகையில் முதலில் மலையாளம் மட்டும்தான். பிறகு தமிழ் மட்டும் வாசிக்கிற ஏழெட்டுக் குடும்பம் வந்தது. நான் சாரிடம் பேசி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, வலது பாதியைத் தமிழுக்கு வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் கேட்டு வாங்கின ஒரே நிலம் அந்த அரைப் பலகையாக்கும்.

அங்கேதான் ஒரு சிக்கல். சுகுமாரன் சார் தமிழ் பேசுவார், நம்மைப் போலவே பேசுவார். வாசிக்கத் தெரியாது. அதனால் தமிழ்ப் பாதிக்கு அவர் கண்ணால் ஒப்புப் போட முடியாது, காதால்தான். நான் உரக்க வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடி மூன்று முறை கேட்பார். மூன்றாம் முறை நான் கடைசி வரியில் இருந்து மேலே வாசிக்க வேண்டும். "மதி, போதும்," என்பார். ஒப்பு விழும்.

அந்த நேரத்தில்தான் ராமநாதன் சாரும் லலிதா அம்மாவும் ஒன்பதாம் நம்பரை வாங்கி வந்தார்கள். சென்னைக்காரர்கள். சார் காலேஜில் கணக்குப் படிப்பித்தவர். காலனியிலேயே தாழ்ந்த வீடு அது, பின்சுவரைத் தாண்டினால் காயல். வந்த முதல் வாரமே சார் பலகை முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் எழுதியிருந்தது: "ஞாயிறு பொதுக்கூட்டத்துக்கு எல்லா அங்கங்களும் வந்து சேர வேண்டும்."

"ஏம்ப்பா, எல்லா அங்கமும் வரணுமா?"

"ஆமா சார், கட்டாயம்."

"ரெண்டு முட்டி வராது. மத்ததை அனுப்பி வைக்கறேன்."

எனக்கு விளங்கவில்லை. மலையாளத்தில் அங்கம் என்றால் உறுப்பினர். தமிழில் கையும் காலும் என்று அவர்தான் சொன்னார். சுகுமாரன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். வினோத் சார் அப்போது ஜாயின்ட் செக்ரட்டரி. எல்லாவற்றையும் போனில் குரூப்பாக்கிவிடலாம், பலகை எதற்கு, பலகைக்கு ஒரு ஆள் எதற்கு என்பது அவர் கட்சி. கெட்ட மனுசன் இல்லை. வால்வு திறக்க ஒரு பிளம்பர் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஷீபா, நீ அப்போது பத்தாம் வகுப்பு. அம்பூரியில் உங்கள் மாமா ரப்பர் வெட்ட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மலை பயமில்லை, அட்டை பயம். பலகை போனால் அட்டைக்கடி என்று நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் சைக்கிளை மிதித்தேன்.

இனி அந்தக் காரியம். ரோடு தோண்டியபோது மெயின் பைப்பு உடைந்து, நாலு நாள் காலனியில் ஒரு சொட்டு இல்லை. கிணற்றில் உப்பு. ஐந்தாம் நாள் காலையில் வரும் என்று தகவல் வந்தது. முந்தின நாள் மதியம் நான் மலையாளத்தில் எழுதி, அதையே தமிழிலும் எழுதினேன். தமிழ்ப் பாதியை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை.

"நாளை காலை சரியாக ஆறு மணிக்கு வெள்ளம் வரும். முதலில் தாழ்வான வீடுகளுக்கு வரும். ஏழு மணிக்கு மேட்டு வீடுகளுக்கு வரும். தொடக்கத்தில் கலங்கலாகவும் வேகமாகவும் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தயாராக இருக்கவும். இதனால் ஏற்படும் சிரமங்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல."

மதுரைக்கார மருமகனும் இதை வாசிப்பார் என்பதால் சொல்லிவிடுகிறேன். நாம் குடிப்பது வெள்ளம், குளிப்பது வெள்ளம், காப்பி போட அடுப்பில் வைப்பதும் வெள்ளம். ஆறு பெருகி வீட்டுக்குள் வந்தால் அதற்கு வெள்ளப்பொக்கம் என்று வேறு பேர் உண்டு. நான் வாசித்தேன். சுகுமாரன் சார் கண்ணை மூடி மூன்று முறை கேட்டார். அவர் காதுக்கு அது தேன் மாதிரி இருந்திருக்கும், அவர் வீட்டிலும் நாலு நாளாகக் குளியல் இல்லை. "மதி," என்றார். ஒப்பு விழுந்தது.

அடுத்து நடந்ததைப் பின்னால் ஒவ்வொருவராகச் சொல்லித்தான் நான் அறிந்தேன். சாயங்காலம் ராமநாதன் சார் பலகையை வாசித்திருக்கிறார். இரண்டு முறை வாசித்துவிட்டு, பக்கத்து வீட்டு சுமா டீச்சரிடம் போயிருக்கிறார்.

"டீச்சர், நாளைக்கு வெள்ளம் வருதாமே?"

"வரட்டும் சார். நாலு நாளா அதுக்குத்தானே காத்து கெடக்கோம்."

"உங்களுக்கு பயமா இல்லையா?"

"எதுக்கு பயம்? பத்துக் குடம் கழுவி வச்சாச்சு."

"எவ்வளவு உயரம் வரும்?"

"நல்லா வந்தா மேல் டேங்கு வரைக்கும் ஏறும் சார். போன தடவை நெறஞ்சு வழிஞ்சுது, பிள்ளைகளெல்லாம் மாடியில கெடந்து ஆட்டம்."

சார் திரும்பி வந்திருக்கிறார். கடலோர ஜனங்களுக்கு நெஞ்சில் பயமே கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தாராம். பிறகு காயல்கரைக்குப் போய் வள்ளக்காரர் பிரான்சிஸைப் பிடித்தார்.

"காலையில அஞ்சரைக்கு உங்க படகு எங்க வீட்டு வாசல்ல நிக்கணும்."

"வாசல்லயா சார்? அங்க மணலாக்குமே."

"ஆறு மணிக்கு வெள்ளம் வந்துடும்."

பிரான்சிஸ் பிறகு என்னிடம் சொன்னார்: "வெள்ளம் இல்லாம வள்ளம் ஓடுமாண்ணே? அவரு சொன்னது சரிதானேன்னு நெனச்சேன். சென்னைக்காரங்க, ஏதோ பூஜை கீஜையா இருக்கும்."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வால்வு திறக்க வந்தேன். முக்கில் திரும்பியதும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். ஒன்பதாம் நம்பர் கேட்டில், காய்ந்த மணல்மேல், ஒரு முழு வள்ளம் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. அதில் பிரான்சிஸும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே பார்த்தேன். மொட்டை மாடியில் சோபா. சோபாவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜ், டிவி, மெத்தை, கிரைண்டர், இரண்டு கேஸ் குற்றி. நடுவில் நாற்காலியில் லலிதா அம்மா குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். ராமநாதன் சார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்து நின்றார்.

"என்னவாக்கும் இது?" என்றேன்.

"எங்களுக்குத் தெரியாதுண்ணே," என்றார் பிரான்சிஸ். "சாமானெல்லாம் ஏத்திக் குடுத்தோம். வெள்ளையடிப்பா இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வள்ளம் எதற்கு என்று கேட்கலாம் என்று நினைத்தேன், மணி ஆறாகிவிட்டது. போய் வால்வைத் திறந்துவிட்டு முக்குக்குத் திரும்பினேன். பைப்புகள் இருமின, துப்பின, பிறகு சிவப்பாகச் சாடின. தெரு முழுக்க ஒரே சத்தம். "வெள்ளம் வந்தாச்சு", "எலே, வெள்ளம் வந்துட்டுலே, குடத்த எடு", "சுமா டீச்சரே, அங்க வந்துதா?" என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். மாடியில் ராமநாதன் சார் ஒரு கையால் லலிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கிழக்கும் மேற்குமாகத் திரும்பினார்.

"எங்கே? எங்கேய்யா வெள்ளம்?"

"பைப்பில சார்," என்றேன் கீழே இருந்து.

அவர் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டி என்னைப் பார்த்தார்.

"பைப்பிலயா?"

"ஆமா சார். நல்ல வேகம் உண்டு."

"தண்ணியா?"

"இல்ல சார். வெள்ளமாக்கும்."

சுமா டீச்சர் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வாயைப் பொத்தினார். பிரான்சிஸுக்குச் சாயா புரையேறியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சார் இறங்கி வந்தார். "பலகையில எழுதறது யாரு?" என்றார், தெரிந்துகொண்டே.

"நான்தான் சார்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டவில்லை. உள்ளே போய்விட்டார்.

அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. வெள்ளம் உள்ளே ஏறக் கூடாது என்று அவர்கள் வீட்டில் எல்லாப் பைப்பையும் இறுக அடைத்து, டேங்குக்குப் போகிற வழியையும் அடைத்து வைத்திருந்தார்கள். தாழ்ந்த வீடுகளின் நேரம் ஏழு மணிக்கு முடிந்தது. காலனி முழுவதும் குளித்து முடித்தபோது ஒன்பதாம் நம்பரில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. நான் சுமா டீச்சர் வீட்டில் இருந்து குடம் குடமாகச் சுமந்தேன். வேறு என்ன செய்ய?

நாலாவது குடத்தை இறக்கும்போது லலிதா அம்மா சமையலறையில் நின்றிருந்தார். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கியது. அதை இன்னும் கழற்றவில்லை. உள்ளே ஆறு போட்டோக்கள்.

"என்னம்மா இது?"

"பொண்ணோட படம். சென்னையில தண்ணி வந்தப்போ எல்லாம் போச்சு. ஆல்பம், கல்யாண கேசட், எல்லாம். இது ஆறும் சொந்தக்காரா கிட்டேருந்து திருப்பி வாங்கினது."

நான் குடத்தின் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்போ விடியக்காலம்ப்பா. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. கட்டில்லேருந்து காலை வெச்சா முட்டி வரைக்கும் தண்ணி. நேத்து உன் போர்டைப் பாத்துட்டு இவர் பதறினார். நான் சந்தோஷம்தான் பட்டேன். இந்த ஊர்ல முன்னாடியே எழுதி வெக்கறாளே, மணி கூடப் போட்டிருக்காளேன்னு."

பிள்ளைகளே, இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னதற்குக் காரணம் என் பிழை. மீதிக் குடங்களைச் சுமந்து முடிக்கும் வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். ராமநாதன் சார் எழுத்தில் புகார் தந்திருந்தார். வினோத் சார் முதலில் எழுந்தார். "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். பலகைய எடுத்துருவோம். போன்ல குரூப்பு மதி. தாசண்ணனுக்கு வேற வேலை கிட்டும்." கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதே கணுக்காலில் அட்டை ஏறுகிற மாதிரி இருந்தது.

பிழை எழுதினவன் நான், நானே சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன். அதற்குள் சுகுமாரன் சார் எழுந்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பச்சை ஒப்பை எல்லோருக்கும் காட்டினார்.

"தாசன் எழுதினான். நான் மூணு தடவை கேட்டு ஒப்பு வச்சேன். ஒப்பு வச்சவனாக்கும் உத்தரவாதி. அவன் இரிக்கட்டு."

பொறுப்பல்ல என்ற வரியை எல்லாவற்றிலும் சேர்த்த மனுசன் பொறுப்பேற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் உட்கார்ந்தேன்.

"சாருக்கு என்ன வேணும்?" என்று அவர் ராமநாதன் சாரைக் கேட்டார். ஆளை மாற்ற வேண்டும் என்று சொல்வார் என்றே எல்லோரும் நினைத்தோம்.

"போன் எல்லாம் வேண்டாம்," என்றார் ராமநாதன் சார். "நான் போனைப் பாக்கறதே இல்லை."

"பலகையப் பாக்காம இருந்திருந்தா கேட்டுல வள்ளம் வந்திருக்காதே சார்," என்றார் வினோத்.

கூட்டம் சிரித்தது. ராமநாதன் சாரும் சிரித்துவிட்டார். "வார்த்தையை மாத்தினாப் போறும். தண்ணி வரும்னு எழுதட்டும்."

சுமா டீச்சர் உடனே எழுந்தார். "அய்யோ, அது வேண்டாம் சார். தண்ணி வரும்னு பலகையில போட்டா இங்க உள்ள ஆம்பளைக எல்லாம் நாலு மணிக்கே வந்து வரிசையில நிப்பானுவ."

"அப்போ குடிநீர்னு போடலாமே?"

இதற்கு எதிர்ப்பு சுகுமாரன் சாரிடம் இருந்தே வந்தது. "முதல் அரை மணி நேரம் கலங்கல். குடிக்கக் கொள்ளாது. குடிநீர்னு எழுதி ஒருத்தனுக்கு வயித்தால போனா சங்கம் பதில் சொல்லணும்."

முக்கால் மணி நேரம் தர்க்கம். வெள்ளம் கூடாது, தண்ணி கூடாது, குடிநீர் கூடாது. யாரோ ஜலம் என்றார்கள், கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்று அதுவும் போயிற்று. கடைசியில் எனக்கு வாய் வந்தது.

"சார், நான் ஒரு பைப்பு வரைஞ்சு போடட்டா? கீழ ஒரு சொட்டு. பக்கத்தில மணி மட்டும்."

எல்லோரும் சுகுமாரன் சாரைப் பார்த்தார்கள். அவர் யோசித்தார். "படத்துக்கு ஒப்பு எப்படிப் போட? வாசிக்க முடியாதே."

"நான் பாத்துச் சொல்றேன்," என்றார் ராமநாதன் சார். "தமிழ்ப் பாதியை இனிமே நான் கண்ணால பாக்கறேன். நீங்க காதால கேளுங்க."

அப்படித்தான் பலகை நின்றது. நானும் நின்றேன். அதன் பிறகு எட்டு வருடம், பைப்பு வரைந்தேன். மற்ற நோட்டீசுகளைச் சாயங்காலம் நான் உரக்க வாசிக்க, சுகுமாரன் சார் கண்ணை மூடிக் கேட்பார், ராமநாதன் சார் விரலை வைத்துப் பார்ப்பார். பிறகு இருவரும் செஸ் விளையாடுவார்கள். வள்ளக் கதையை இழுக்காமல் அவர்கள் ஒரு நாளும் ஆட்டத்தை முடித்ததில்லை.

இருவரும் இப்போது இல்லை. அந்த இரண்டு நோட்டீசையும் நான்தான் எழுதினேன். இரண்டிலும் "வருத்தத்துடன்" என்று போட்டேன், வெட்ட ஆளில்லை.

இந்த மாசி மாதம் நானும் வேலையை விட்டேன். அறிவிப்பெல்லாம் இப்போது குரூப்பில் வருகிறது, நன்றாகவே வருகிறது. வினோத் சார் என்னையும் அதில் சேர்த்திருக்கிறார். பலகையை எடுக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை, வெறுமனே நிற்கிறது.

போன வாரம் பாறசாலை சந்தையில் நிற்கும்போது போன் சத்தம் போட்டது. மறுபடியும் எங்கோ பைப்பு உடைந்து, இரண்டு நாளாகக் காலனியில் இல்லையாம். நாளை காலை ஆறு மணிக்கு வரும் என்று போட்டிருந்தார்கள். லலிதா அம்மா இப்போது ஒன்பதாம் நம்பரில் தனியாக இருக்கிறார். போனில் உள்ள சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது. மாடியில் துணி காயப்போடும்போது பலகை தெரியும் என்று முன்பு சொல்லியிருக்கிறார்.

மீனை வாங்கி உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன். எங்கே என்று அவள் கேட்டாள். காற்று அடிக்க என்றேன். முக்கில் யாரும் இல்லை. பலகையைத் துண்டால் துடைத்தேன். நடுக்கோடு போடவில்லை, முழுப் பலகையிலும் ஒரு பெரிய பைப்பு வரைந்தேன், கீழே ஒரு சொட்டு, பக்கத்தில் மணி ஆறு. பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு முறை வாய்க்குள்ளும், ஒரு முறை உரக்கவும், ஒரு முறை சொட்டில் இருந்து மேலே பைப்பு வரையும் அதை வாசித்துவிட்டு, சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டேன்.